திறந்த கதவும் விளைச்சலின் உரிமையும்

அறிவு எங்கே பிறக்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு காலமும் தன் உற்பத்தி அமைப்பிற்கு ஏற்பவே கேட்டு வந்திருக்கிறது. குருகுலம் நிலவிய காலத்தில் அது ஆசானின் திண்ணையில் பிறப்பதாகக் கருதப்பட்டது. பெருந்தொழில்கள் வளர்ந்த காலத்தில் முதலாளிகளின் ஆராய்ச்சிக் கூடங்களில் பிறப்பதாகக் கருதப்பட்டது. இன்றோ முகாமைத்துவக் கல்வித் துறையைச் சேர்ந்த பேராசிரியர்கள், நிறுவனங்கள் தம் கதவுகளைத் திறந்து வைக்கவேண்டும் என்றும், புதுமை உள்ளேயிருந்து மட்டுமன்றி வெளியேயிருந்தும் வரும் என்றும் போதிக்கின்றனர். 'திறந்த புத்தாக்கம்' என்னும் தொடர் கடந்த இருபது ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களிலும் வணிக உலகிலும் பெருவழக்காகிவிட்டது.

இத்தகைய பொருளுக்கு இலக்கிய ஏடொன்றில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நூலகம், பதிப்பகம், சஞ்சிகை, தமிழ்ச் சங்கம், பல்கலைக்கழகம் ஆகிய யாவும் நிறுவனங்களே. இவற்றின் வழியாகவே நமது எழுத்து பிறக்கிறது, பாதுகாக்கப்படுகிறது, சில வேளைகளில் அழிந்தும் போகிறது. அறிவை யார் ஆக்குகின்றனர், யார் அதற்கு உரிமை கொள்கின்றனர் என்ற வினா பண்பாட்டின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. எனவே இவ்வாய்வுகள் கூறுவன யாவை, கூறாமல் விடுவன யாவை என்பதை நோக்குவது நம் கடமையாகின்றது.

முதலில் அவற்றின் சிறப்பை ஏற்றுக்கொள்வோம். ஹென்றி செஸ்புறோ 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'திறந்த புத்தாக்கம்' என்ற நூலே இத்துறைக்குப் பெயர் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் தமது ஆராய்ச்சிக் கூடங்களைக் கோட்டைகளாகவே கட்டின. உள்ளேயே கண்டுபிடித்து, உள்ளேயே ஆக்கி, தாமே விற்று, பிறர் தொடாதவாறு காப்புரிமையால் வேலியிட்டன. ஆயின் தேர்ந்த தொழில்நுட்பர் ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லத் தொடங்கியதும், புது முயற்சிகளுக்கு மூலதனம் தரும் அமைப்புகள் பெருகியதும் அக்கோட்டைகளைத் தகர்த்தன. சீரொக்ஸ் நிறுவனம் 1970இல் கலிபோர்னியாவில் அமைத்த பாலோ அல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தை அவர் சான்றாகக் காட்டுகிறார். இன்றைய கணினித் திரையின் வடிவத்திற்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறைக்கும் அடிகோலிய கண்டுபிடிப்புகள் அங்கே நிகழ்ந்தன. ஆனால் நகல் எடுக்கும் இயந்திரங்களை விற்பதிலேயே கண்ணாயிருந்த அந்நிறுவனம் அவற்றின் பயனை உணரவில்லை. அதனின்று பிரிந்து சென்ற 35 முயற்சிகளை ஆராய்ந்த செஸ்புறோ, அறிவு நான்கு சுவருக்குள் அடங்காது என்ற முடிவுக்கு வந்தார்.

அவருக்கும் முன்பே மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் வொன் ஹிப்பெல் இன்னும் ஆழமான உண்மையொன்றை எடுத்துக்காட்டியிருந்தார். புதுமையை ஆக்குபவன் உற்பத்தியாளன், பயன்படுத்துபவன் வெறும் நுகர்வோன் என்பதே பொதுவான நம்பிக்கை. 1988இல் வெளிவந்த தமது நூலில் அவர் இதனைச் சான்றுகளால் மறுத்தார். விஞ்ஞானக் கருவிகளில் ஏற்பட்ட முக்கியமான புதுமைகளை அவர் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 77 சதவீதமானவை அக்கருவிகளைப் பயன்படுத்திய விஞ்ஞானிகளாலேயே முதலில் ஆக்கப்பட்டவை எனத் தெரிந்தது. கருவி செய்யும் நிறுவனங்கள் பின்னர் வந்து அவற்றைச் செப்பனிட்டு விற்றன. 'புத்தாக்கத்தை மக்கள்மயப்படுத்தல்' எனப் பொருள்படும் தலைப்பில் 2005இல் அவர் வெளியிட்ட நூலை எவரும் இலவசமாகப் பெற்றுப் படிக்கலாம் எனவும் விட்டார். சொல்லும் செயலும் ஒன்றுபட்ட அரிய நிகழ்ச்சி இது. உழைப்பவனும் பயன்படுத்துபவனுமே படைப்பாளி என்று முற்போக்காளர் நெடுங்காலமாகக் கூறி வந்ததற்கு, வேறொரு திசையிலிருந்து வந்த சான்றாகவும் இது அமைகின்றது.

கதவைத் திறந்துவிட்டால் போதும், புதுமை தானே பெருகும் என்று இத்துறையின் நல்ல ஆய்வாளர் எவரும் கூறுவதில்லை. 2,707 பிரித்தானிய உற்பத்தி நிறுவனங்களை ஆராய்ந்த லோர்சென், சால்ற்றர் என்னும் இருவர், வெளியே பல இடங்களில் அறிவைத் தேடுவது ஓர் எல்லை வரையே பயன் தரும் என்றும், அதற்கு மேல் பயன் குன்றும் என்றும் 2006இல் காட்டினர். வெளியிலுள்ள அறிவை உள்வாங்கிக்கொள்வதற்கு உள்ளே ஏற்கெனவே அறிவு இருக்கவேண்டும் என்று கோகெனும் லெவின்தாலும் 1990இல் நிறுவினர். விதை எங்கிருந்தும் வரலாம். உழுத நிலம் நம்மிடம் இருக்கவேண்டும். நாட்டு வருமானத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவையே ஆராய்ச்சிக்குச் செலவிட்டு வந்த இலங்கைக்கு இது ஓர் எச்சரிக்கையாகும். பிறநாட்டு அறிவு நமக்குத் திறந்தே கிடப்பினும், அதை வாங்கிக்கொள்ளும் ஆற்றலை நாம் வளர்க்காவிடின் அது நமக்கு மூடப்பட்டதே.

இனி இவ்வாய்வுகளின் குறைபாட்டுக்கு வருவோம். திறந்த தன்மையை அளக்க மூன்று வினாக்கள் வேண்டும். உள்ளே வர யாருக்கு இடமுண்டு? உள்ளே வந்தபின் முடிவு செய்பவர் யார்? விளைச்சல் யாருக்கு உரியது? இத்துறையின் மைய நீரோட்டம் முதல் வினாவை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளது. இரண்டாவதை ஆங்காங்கே தொட்டுச் செல்கின்றது. மூன்றாவது வினாவை நிறுவனத்தின் நோக்கிலிருந்து மட்டுமே கேட்கின்றது. செஸ்புறோவின் நூலுக்கு உபதலைப்பொன்று உண்டு. தொழில்நுட்பத்தை ஆக்குவதும் அதிலிருந்து இலாபம் பெறுவதுமே அதன் பொருள். இலாபம் பெறுபவர் யார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. டாலாண்டரும் கானும் 2010இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை திறந்த தன்மையை வெளிப்படுத்தல், விற்றல், பெறல், வாங்கல் என நான்காக வகுத்தது. பயன்மிக்க வகுப்புத்தான், எனினும் நான்கும் நிறுவனம் செய்யும் தொழில்களே. கொடுத்தவன் என்னவானான் என்பதற்கு ஐந்தாவது பெட்டி அங்கில்லை.

திறந்த தன்மை இந்நூற்றாண்டின் கண்டுபிடிப்புமன்று. விஞ்ஞானத்தின் ஒழுக்க நெறிகளை 1942இல் ஆராய்ந்த சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன், கண்டுபிடிப்புகள் சமுதாயத்தின் பொதுச் சொத்து என்பதை அவற்றுள் ஒன்றாகக் கூறி, அதற்குப் 'பொதுவுடைமை' என்றே பெயரிட்டார். பொருளாதார வரலாற்றாசிரியர் றொபேட் அலன் 1983இல் எழுதிய கட்டுரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடகிழக்கு இங்கிலாந்தின் கிளீவ்லாண்ட் பகுதியில் இருந்த இரும்புருக்கும் உலைகளைப் பற்றியது. ஏறத்தாழ 50 அடியாக இருந்த உலைகளின் உயரம் இருபது ஆண்டுகளில் 80 அடியாயிற்று. எரிபொருட் செலவு குறைந்தது. இதைச் சாதித்தவர் எந்தத் தனியொரு மேதையுமல்லர். ஒவ்வோர் ஆலையும் தன் உலையின் அளவையும் பயனையும் மற்றவற்றுக்கு மறைக்காமல் சொன்னது. அடுத்தவன் அதிலிருந்து ஒரு படி மேலே சென்றான். ஆயினும் அங்கே பேசிக்கொண்டோர் உலை உடைமையாளரும் பொறியியலாளருமே. அனலின் முன் நின்றவனின் கைப்பழக்கமும் அவ்வறிவில் கலந்திருக்கும். அவன் பெயரைக் கணக்கெடுத்தோர் எவர்?

இக்கேள்விகளோடு நமது கொழும்புக்கு வருவோம். திறந்த புத்தாக்கத்திற்கு உலகறிந்த எடுத்துக்காட்டொன்றை இந்நகரே தந்திருக்கின்றது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன பொருள் தேவை என்பவற்றை ஒன்றுசேர்த்துக் காட்டும் பதிவேடு நாட்டில் இருக்கவில்லை. அந்நிலையில் பல நிறுவனங்களைச் சேர்ந்த நிரலாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு, சில வாரங்களுக்குள் 'சஹன' என்ற மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். அதன் நிரல் எவரும் எடுத்தாளத்தக்கதாக உலகுக்கு விடப்பட்டது. 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்சின் மண்சரிவின்போதும், 2010இல் ஹெயிட்டியின் பேரழிவின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் மன்றம் சமூகப் பயனுக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது.

நம் மூன்று வினாக்களையும் இங்கே வைத்துப் பார்ப்போம். விளைச்சல் மனிதகுலத்திற்குப் பொதுவாயிற்று. இது பெருமைக்குரியது, எந்தக் காப்புரிமை வேலியும் இதைச் செய்திருக்காது. எனினும் முதலிரு வினாக்களுக்கும் விடை அத்துணை நிறைவானதன்று. கிழக்குக் கரையில் ஓலைக் கொட்டகையில் இருந்த மீனவப் பெண் அப்பதிவேட்டில் ஒரு வரியாக இடம்பெற்றாள். அதன் ஆக்குநருள் ஒருத்தியாக அவள் இருக்கவில்லை. வொன் ஹிப்பெல் போற்றும் 'பயன்படுத்துவோன்' கருவியும் கல்வியும் ஓய்வும் உடையவன். அவையற்றவனுக்கு நிரல் திறந்திருந்தும் வாசிக்கவியலாத ஏடே. ஆகவே திறந்த தன்மை சட்டத்தால் வழங்கப்பட்டாலும் கல்வியாலும் மொழியாலும் பொருளாதார நிலையாலும் மறுக்கப்படலாம்.

இதே நகரில் 2005இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் நிறுவனம் இன்னொரு பாடத்தைத் தருகின்றது. திறந்த நிரலையே தொழிலாகக் கொண்டு, கொழும்பின் இளைஞர் பலருக்கு உலகத் தரமான வேலையைத் தந்து வளர்ந்த நிறுவனம் அது. ஸ்வீடனில் தலைமையகங்கொண்ட ஈ.கியூ.டி. முதலீட்டுக் குழுமம் அதனை 600 மில்லியன் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட மதிப்பில் வாங்குவதற்கான உடன்பாடு 2024இல் அறிவிக்கப்பட்டது. இதில் குற்றமெதுவும் இல்லை; சட்டப்படியும் வணிக நெறிப்படியும் நடந்ததே. ஆயின் ஓர் உண்மை இங்கே தெளிவாகின்றது. நிரல் திறந்திருப்பது வேறு. அந்நிரலை ஆக்கும் நிறுவனத்தின் உடைமை வேறு. முன்னது பொதுவாக இருக்கையிலேயே பின்னது சந்தையில் கைமாறலாம். இவ்விரண்டையும் 'திறந்த' என்ற ஒரே சொல்லால் மூடுவது தெளிவான சிந்தனைக்கு உதவாது.

இனி நமது எழுத்துலகை நோக்குவோம். புத்தாக்கம் என்றதும் கணினியையே எண்ணுவது இன்றைய வழக்கம். ஆயின் 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலே டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' என்ற மாத இதழ் நிறுவன அமைப்பிலே ஒரு புத்தாக்கம் என்றால் மிகையாகாது. அதன் பணிமனை கஸ்தூரியார் வீதியிலிருந்த ஒரு சிகையலங்கார நிலையம். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட தொழிலொன்றைச் செய்த ஒருவர், வாசகராயிருந்து எழுத்தாளராகி, சாகித்திய மண்டலப் பரிசு பெற்று, பின்னர் பதிப்பாசிரியருமாகி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஏட்டை நடத்தினார். பயன்படுத்துவோனே படைப்பாளி என்ற கொள்கைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? எழுத்தாளரின் படத்தை அட்டையில் இட்டதும், சிங்களக் கதைகளைத் தமிழில் தந்ததும், புதியோர்க்கு இடமளித்ததும் அவ்வேட்டின் வழக்கங்கள். பிற்காலத்தில் அது கொழும்புக்கு இடம்பெயர்ந்து, கொட்டாஞ்சேனைப் பகுதியிலே, கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. உள்ளே வர இடமுண்டு, விளைச்சல் மக்களுக்குரியது. ஆனால் முடிவுகள் யாவும் ஒருவர் தோளிலேயே தங்கியிருந்தன. அத்தோள் தளர்ந்தபோது ஏடும் நின்றது. கதவைத் திறந்து வைத்த பலர், திறவுகோலை அடுத்தவரிடம் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்யாமற் போனது நமது சிற்றேட்டு வரலாறு முழுவதிலும் காணப்படும் குறையாகும்.

நின்றுபோன அவ்வேட்டின் பழைய இதழ்களை இன்று வெள்ளவத்தையிலிருக்கும் ஒரு மாணவி எங்கே தேடுவாள்? 1942இல் நிறுவப்பெற்று இன்று 57ஆம் ஒழுங்கையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குப் போகலாம். அல்லது வீட்டிலிருந்தபடியே 'நூலகம்' என்ற இணையக் களஞ்சியத்தைத் திறக்கலாம். பின்னதன் பிறப்பை விளங்கிக்கொள்ள இரண்டு தீகளை நினைவுகூர வேண்டும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் முதலிலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழரின் வீடுகள் எரிந்தபோது, அவ்வீடுகளிலிருந்த நூல்களும் கையெழுத்துகளும் குடும்ப ஆவணங்களும் உடன் எரிந்தன. ஒரே படி ஒரே இடத்தில் பூட்டப்பட்டிருந்தால் அதை அழிக்க ஒரு தீக்குச்சி போதும் என்ற கொடிய பாடத்தை நாம் அன்று கற்றோம்.

அப்பாடத்திற்கு இளந்தலைமுறை தந்த விடையே 2005இல் தன்னார்வலரால் தொடங்கப்பட்ட நூலகம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் பணியை 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கியிருந்தது. அவ்வழியிலே ஈழத்து எழுத்துகளைத் திரட்ட நூலகம் முனைந்தது. நூல், சஞ்சிகை, செய்தித்தாள், துண்டுப் பிரசுரம், கோவில் மலர், பாடசாலை ஆண்டு மலர் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் அங்கே ஒளிவருடி ஏற்றப்பட்டுள்ளன. அக்களஞ்சியம் இயங்கும் மென்பொருளும் உலகின் கட்டற்ற மென்பொருளாளர் ஆக்கி வழங்கியதே. எழுத்தாளர் தம் உரிமையை விட்டுக்கொடுத்து இசைவளித்தனர்; நூல் வைத்திருந்தோர் அலுமாரியைத் திறந்தனர்; புலம்பெயர்ந்தோர் பொருளுதவினர்; இளைஞர் பக்கம் பக்கமாக ஒளிவருடினர். வணிக நிறுவனத்திற்குத் திறந்த தன்மை இலாபத்திற்கு ஒரு வழி. ஆனால் நாடற்றும் வீடற்றும் நூலகமற்றும் அலைக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திற்கு அது உயிர்வாழ்வதற்கான வழி. இவ்வேறுபாட்டைக் காணாத ஆய்வு, எத்தனை ஆயிரம் நிறுவனங்களை அளந்தாலும் பொருளின் பாதியையே அளந்ததாகும்.

இலாபமின்றேல் செலவுக்கு யார் பொறுப்பு என்ற மறுப்பு இங்கே எழும். நியாயமான மறுப்பே. இலவசமாகக் கிடைப்பது இலவசமாக ஆக்கப்படுவதில்லை. ஒளிவருடும் இளைஞனுக்கும் வாடகையும் சாப்பாடும் உண்டு. தொண்டு என்ற பெயரால் அவன் உழைப்பை ஊதியமின்றிப் பெற்றுக்கொண்டே இருப்போமாயின், நாம் கண்டிக்கும் சுரண்டலையே நாமும் செய்தவர்களாவோம். சஹன மென்பொருளுங்கூட முதல் வேகம் தணிந்தபின் வெளிநாட்டு உதவி நிதியைப் பெற்றே திருத்தி எழுதப்பட்டது. எனவே பொதுச் சொத்துக்குப் பொதுச் செலவு வேண்டும். அரசும், பல்கலைக்கழகமும், சங்கங்களும், வாசகரும் அதைப் பகிர்ந்து சுமக்கவேண்டும். விழாவுக்கும் பொன்னாடைக்கும் நாம் செலவிடும் தொகையில் ஒரு பகுதி போதும் என்பதைக் கணக்குத் தெரிந்தோர் அறிவர்.

பல்கலைக்கழகங்களைப் பற்றி ஒரு சொல். திறந்த தன்மை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், பெரும் பதிப்பகங்களின் சந்தா வேலிக்குள் கிடக்கின்றன. திறப்பைப் பற்றிய கட்டுரையைப் படிக்கப் பூட்டைத் திறக்கக் காசு கேட்பது இத்துறையின் பெரும் முரண்பாடு. மக்கள் வரிப்பணத்தில் நடைபெறும் ஆய்வு மக்களுக்கு விலைபொருளாகத் திரும்புவது எந்த நெறிக்கும் பொருந்தாது. நமது முகாமைத்துவப் பேராசிரியர்களும் இக்கோட்பாடுகளை ஆங்கிலத்திற் கற்று ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளருக்கும், கொட்டாஞ்சேனையில் சிறு அச்சகம் நடத்துபவருக்கும், பாடசாலை நூலகருக்கும் பயன்படக்கூடிய இவ்வறிவு அவர்கள் மொழியில் வராதவரை, அது திறந்த அறிவென்று சொல்லத் தகுதியுடையதன்று.

பிறரைக் கேட்கும் கேள்விகளை நமது அமைப்புகளிடமும் கேட்டாக வேண்டும். எத்தனை சங்கங்களில் புதியவர் ஒருவர் கருத்துச் சொல்ல இடமுண்டு? எத்தனை அமைப்புகளின் கணக்கேடும் கூட்டக் குறிப்பும் உறுப்பினர் கண்ணிற் படுகின்றன? மறைந்த எழுத்தாளரின் கையெழுத்துப் படிகளைக் 'குடும்பச் சொத்து' என்று பெட்டியிற் பூட்டி, கறையானுக்கு மட்டும் திறந்து வைத்திருப்போர் எத்தனை பேர்? இளையோருக்கு மேடையில் நாற்காலி அடுக்கும் வேலையையும், முதியோருக்கு முடிவு செய்யும் உரிமையையும் பங்கிட்டு வைத்திருக்கும் வழக்கத்தை மாற்றாமல், பெருநிறுவனங்களின் உடைமை முறையைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதியுண்டு?

புத்தாக்க ஆய்வாளர்கள் கதவின் அகலத்தை நன்கு அளந்து தந்துள்ளனர். அவ்வுழைப்பை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அத்தோடு நின்றுவிடலாகாது. உள்ளே வர இடம், முடிவு செய்ய உரிமை, விளைச்சலில் பங்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே திறந்த தன்மையாகும். முதலாவதை மட்டும் தருவோர் நமது அறிவுக்காகக் கதவைத் திறக்கின்றனர், நமக்காக அன்று. மூன்றையும் தரும் அமைப்புகள் இன்று சிறியனவாகவும் வறியனவாகவும் இருக்கலாம். ஆனால் எரிந்த நூலகத்திலிருந்து மீண்டும் வாசிக்கத் தொடங்கிய ஒரு மக்களுக்கு அவையே நாளைய கல்வியின் அடித்தளம். அவற்றைக் கட்டுவதும், கட்டியவற்றைத் தளராமற் காப்பதும், திறவுகோலை அடுத்த தலைமுறையின் கையில் உரிய காலத்தில் ஒப்படைப்பதும் எழுத்தாளர், வாசகர், ஆசிரியர் ஆகிய நம் எல்லோருடைய பொறுப்பாகும்.